அட்டையில் யார் பெயர்?

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் வெறும் மின்கம்பத்தைப் பார்க்க முடியாது. நீச்சல், கீபோர்டு, களிமண் சிற்பம், ரோபோட்டிக்ஸ், ஆளுமை வளர்ச்சி என்று கோடை முகாம்களின் தட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். ஏப்ரலும் மேயும் இங்கே பள்ளி விடுமுறை. ஜூன் முதல் தேதி வாக்கில், அனேகமாக மழையோடு சேர்ந்தே, பள்ளி திறக்கும். நடுவில் கிடைக்கும் இரண்டு மாதத்தைப் பிள்ளைகள் வீணாக்கிவிடாமல் காப்பது பெற்றோர் கடமை என்று எப்படியோ ஆகிவிட்டது. முகாம்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. இந்த மாவட்டத்தில்தான், வெஞ்ஞாறமூடு பக்கம் ஆலந்தறையில், குழந்தைகள் நாடகத்துக்கென்றே 1970இல் ரங்கபிரபாத் தொடங்கினார்கள். வீட்டில் கிடைக்காத சிலதை அப்படிப்பட்ட இடங்கள்தான் தர முடியும்.

ஆனால் எந்த முகாமானாலும் கடைசி நாளில் ஒரு சான்றிதழ் உண்டு. பிள்ளையின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். வீட்டில் கூடிச் செய்கிற வேலைக்கு யாரும் பெயர் எழுதித் தருவதில்லை. கோலத்துக்குக் கீழே கையெழுத்து உண்டா? தாலாட்டுக்கு? படி கட்டியவர் இன்னார், வேட்டி மடித்து விரித்தவர் இன்னார் என்று எந்தக் கொலுவிலாவது எழுதி வைத்திருக்கிறார்களா? போன கோடையில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் சண்டையாகவே நுழைந்தது.

எங்கள் வீடு இருக்கிற ஆரியசாலை, சாலைக் கம்போளத்தின் நீட்சி. திருவிதாங்கூர் மன்னர் தர்மராஜாவின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்படுத்திய சந்தை அது. திருநெல்வேலிப் பக்கமிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த வியாபாரிகள் கடை போட்டு, கடைக்குப் பின்னாலோ மேலேயோ குடியிருந்து, நாலைந்து தலைமுறையில் இந்த ஊர்க்காரர்களே ஆகிப்போனார்கள். எங்களுடையதும் கீழே அரிசிக் கடை, மேலே வீடு. மாடியில் தமிழ், கீழே மலையாளம், கல்லாவில் இரண்டும். என் பிள்ளைகள் படிப்பது மலையாளப் பள்ளியில். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. என் மாமியாருக்கு, அதாவது பிள்ளைகளின் ஆச்சிக்கு, தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் ஆகியும் பஸ் போர்டு படிக்கப் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்பார். ஒருவர் எழுதினால் மற்றவர் படிக்க முடியாத ஒரு வீடு. கம்போளத்தில் இதெல்லாம் அதிசயமில்லை. எழுத்தாளர் ஆ. மாதவனும் பள்ளியில் மலையாளம் படித்து, தமிழைத் தானாகக் கற்றுக்கொண்டவர்தான். சாலைத் தெருவில் பாத்திரக் கடையில் உட்கார்ந்துகொண்டே கடைத்தெருக் கதைகளை எழுதினார். 2015இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்து எழுதலாம் என்பதற்கு எங்கள் தெருவில் தனியாக நிரூபணம் தேவையில்லை.

கையெழுத்துப் பத்திரிகை என்ற யோசனை மூத்தவளுடையது. கேரளத்துப் பள்ளிகளிலும் ஊர் நூலகங்களிலும் கையெழுத்து மாசிகை இன்னும் உயிரோடு இருக்கிற சமாசாரம். அவளும் வகுப்பில் ஒன்றில் கை வைத்திருந்தாள். வீட்டிலும் ஒன்று செய்வோம், எல்லாரும் எழுதணும் என்றாள். எல்லாரும் என்றதும் என் கணவர் கடைக்கு இறங்கிப் போய்விட்டார். பெயருக்கு இரண்டு நாள் அடித்துக்கொண்டு கடைசியில் ‘கோணி’ என்று வைத்தார்கள். அரிசிக் கடை வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?

அட்டை எழுத்துக்கு ஒரு குரு அமைந்தார். கடையில் மூட்டை இறக்குகிற சுமட்டுத் தொழிலாளி ஒருவர், தேர்தல் வந்தால் சுவரெழுத்துக்குப் போகிறவர். நீலச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மதியம் லாரி இல்லாத நேரத்தில் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். முதலில் தூரிகையையே தொடவிடவில்லை. நூலைச் சுண்ணாம்பில் தோய்த்து, ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்லி, நடுவில் சுண்டிவிட்டுக் கோடு விழ வைத்தார். எழுத்துக்கு முன்னால் இடத்தை அளக்க வேண்டும் என்பது அவர் பாடம். கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் நெருக்கிப் போட்டால் வேட்பாளர் தோற்பார் என்பது அவர் சாஸ்திரம். பையன் ஒரு வாரம் வீட்டுச் சுவரையெல்லாம் நூலால் அடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆச்சி தாளில் எழுதிக் காட்டிய ‘கோணி’யைப் படம் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்படியே பெரிதாக்கிவிட்டார்.

ஆச்சியின் பங்கு ஒரு கதை. கதை என்ன, கல்யாணமாகி இங்கே வந்த முதல் நவராத்திரியில் பார்த்ததைச் சொன்னார். ஊருக்குப் புதியவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரகோவிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளி வருவார்கள். சரஸ்வதி யானைமேல். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் ராத்தங்கி மூன்றாம் நாள் நகரம் சேர்வார்கள். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டைக் கோவில், முருகனுக்கு எங்கள் ஆரியசாலை அம்மன் கோவில். திருவிதாங்கூர் காலத்து வழக்கம். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நிற்கவில்லை; எல்லையில் இரு மாநிலப் போலீசும் மரியாதை செய்து அனுப்புகிறார்கள். விஜயதசமியன்று முருகன் வெள்ளிக்குதிரையில் பூஜைப்புரைக்குப் போவார். ஆச்சி பார்த்தது அந்தக் குதிரையை. தெரியாத பாஷை பேசுகிற தெருவில் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, ‘நம்ம பக்கத்துச் சாமியும் என்னை மாதிரி இங்க வந்து தங்கியிருக்கு’ என்று நினைத்தாராம்.

மூத்தவள் அதைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். தமிழ்தான், ஆனால் மலையாள எழுத்தில். முடித்ததும் ஆச்சி நோட்டை வாங்கினார், புரட்டினார், கண்ணாடியைப் போட்டும் போடாமலும் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

“ஏளா, நாஞ் சொன்னதெல்லாம் இருக்கா இதுல?”

“எல்லாம் இருக்கு ஆச்சி. வாசிச்சுக் காட்டுறேன்.”

“நீ வாசிச்சா நீ எழுதுனதத்தான வாசிப்ப? விட்டது எப்படித் தெரியும்?”

சரியான கேள்வி. விட்டுத்தான் இருந்தாள். குதிரை வந்தது, வெள்ளி மின்னியது, கூட்டம் கையெடுத்தது எல்லாம் இருந்தது. அன்றைக்கு ராத்திரி அடுக்களையில் அம்மா வீட்டை நினைத்து அழுததை மட்டும் போரடிக்கும் என்று விட்டுவிட்டாள். ஆச்சி விடவில்லை. நான் படிக்கிற மாதிரி எழுது என்றார். அப்படித்தான் அவளுடைய தமிழ்ப் பாடம் தொடங்கியது. அனா ஆவன்னாவிலிருந்து தொடங்கவில்லை, குதிரையிலிருந்து தொடங்கியது. முதல் எழுத்து ‘கு’. கதையில் எந்தச் சொல் வருகிறதோ அதற்கு எந்த எழுத்து வேண்டுமோ அந்த வரிசை. கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டைகளுக்கு நடுவில் சிமென்டுத் தரையில் சாக்பீசால் எழுதி, ஆச்சி காலாலேயே அழித்து, திரும்பவும் எழுதி. தமிழில் ககரம் ஒன்றுதான் என்பதில் அவளுக்கு ஏகச் சந்தோஷம், மலையாளத்தில் நான்கு. பள்ளிக்கூடம் தராத, முகாம் நடத்தாத பாடம் அது. தான் சொன்னது தப்பில்லாமல் எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு கிழவிக்கு இருந்த பிடிவாதம்தான் அதை நடத்தியது.

படத்தில்தான் சண்டை வந்தது. வெள்ளிக்குதிரையை வரைந்தவன் பையன். நன்றாகவே வரைந்தான். பின்னால் வேளிமலை, மேகம், ஆரியசாலைத் தெரு, தெருவில் இரண்டு பக்கமும் கூட்டம், கடைப் பலகைகள் எல்லாம் வரைந்து வண்ணம் போட்டவள் அக்கா. மறுநாள் பார்த்தால் கீழே ஓரத்தில் தம்பியின் பெயர் மட்டும். குதிரைதானே படம் என்பது அவன் வாதம். “குதிரை எங்க நிக்குது? ஆகாசத்துலயா?” என்பது அவள் வாதம். என் கணவர் இரண்டு பேரையும் அதட்டி, பெயரே வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படுகிற தீர்ப்பு. அதனால் லாபம் யாருக்கு என்றால் ஏற்கெனவே பெயர் உள்ளவருக்குத்தான்.

இந்த வழக்கை வேறொரு வீட்டுக்கு எடுத்துப்போக நினைத்தேன். எம்.சி. ரோட்டில் வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் போனால் கிளிமானூர். அங்கே அரண்மனையில் 1848இல் பிறந்தவர் ஓவியர் ரவிவர்மா. அந்த அரண்மனையைப்போலக் குடும்பமே கூடிக் கலையில் இறங்கிய வீடு இந்தப் பிரதேசத்தில் இன்னொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாமா ராஜராஜ வர்மா ஓவியர்; மருமகனுக்கு முதல் குரு அவர்தான். அம்மா உமயாம்பாத் தம்புராட்டி கவிதை எழுதுவார். துள்ளல் பாட்டாக ‘பார்வதி ஸ்வயம்வரம்’ எழுதினார். தம்பி சி. ராஜராஜ வர்மா ஓவியர். தங்கை மங்களாபாய்த் தம்புராட்டியும் ஓவியர். மகன் ராமவர்மாவும் ஓவியராகி, பிறகு மாவேலிக்கரையில் அப்பா பெயரில் ஓவியப் பள்ளி தொடங்கினார். சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1862இல் பதினான்கு வயதுப் பையனை மாமா திருவனந்தபுரத்துக்கு, மன்னர் ஆயில்யம் திருநாளின் அரசவைக்கு அழைத்து வந்தார். அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர் இவனுக்குத் தைலவண்ணம் சொல்லித்தர மறுத்தார். அவருடைய சீடரான ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்பிக்க மறுத்து, தான் வரைவதை வேடிக்கை பார்க்க மட்டும் விட்டார். ஆக, குடும்பம் தந்ததோடு வெளியாள் ஒருவர் திருட்டுத்தனமாகத் தந்ததும் சேர்ந்துதான் ரவிவர்மா. ஆறுமுகம் பிள்ளை வரைந்த படம் எதையும் நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா? குருவுக்குத் துரோகம் செய்து ஒரு பையனுக்கு வண்ணம் குழைக்கச் சொல்லிக்கொடுத்தவர், அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே நின்றுவிட்டார்.

தம்பியின் கதை இன்னும் கனமானது. சி. ராஜராஜ வர்மா, 1860இல் பிறந்தவர். அண்ணன் போன இடமெல்லாம் கூடவே போனார். பரோடா மகாராஜாவுக்காகப் பதினான்கு புராண ஓவியங்கள் செய்தபோதும், அதற்கு முன் வடக்கே ஊர் ஊராகச் சுற்றியபோதும் அவர் உண்டு. ஓவியங்களின் பின்னணியில் தெரிகிற மலை, மரம், மண்டபம், ஆறு ஆகியவற்றில் அவர் கை நிறைய இருக்கிறது என்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இயற்கைக் காட்சி வரைவதில் அவருக்கு அண்ணனை விஞ்சிய நாட்டம், தனியாகவும் வரைந்திருக்கிறார். கடிதப் போக்குவரத்து, பயணம், அண்ணனின் அச்சகத்துத் தொல்லை என்று மற்றதும் அவர் தோளில். 1894இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்தின் படங்கள்தான் இந்தியாவின் பூஜை அறைகளை நிறைத்தன. பெரும்பாலான படங்களின் கீழே இருந்தது ரவிவர்மா என்ற ஒரு பெயர். 1895 முதல் ஏறத்தாழப் பத்து வருஷம் ராஜராஜ வர்மா ஆங்கிலத்தில் எழுதிவந்த நாட்குறிப்பு 2005இல் புத்தகமாக வந்தது. ரவிவர்மா எப்படி வேலை செய்தார், யார் வந்தார்கள், எந்தப் படம் எப்போது முடிந்தது என்று நமக்குத் தெரிகிற நிறைய விஷயம் அந்தத் தம்பி எழுதி வைத்ததால் தெரிவது. 1905 தொடக்கத்தில் தம்பி இறந்தார். அண்ணன் 1906 அக்டோபரில். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை.

இதை அடிமைத்தனம் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் நேசித்தார்கள், சேர்ந்து வேலை செய்வதில் இருவருக்கும் ருசி இருந்தது என்றே தெரிகிறது. ஆனால் நேசம் இருந்தால் பெயர் தேவையில்லை என்ற இடத்துக்கு அது நம்மைக் கொண்டுபோய்விடக் கூடாது. மங்களாபாயைப் பாருங்கள். அதே அரண்மனை, அதே மாமா, அதே வண்ணம். அண்ணன்மார் இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். நம்பூதிரி வீட்டு அந்தர்ஜனங்களும் தம்புராட்டிகளும் வாசல் தாண்டாத காலத்தில் அவர் வீட்டிலிருந்தே வரைந்தார். அண்ணன் ரவிவர்மாவை அவர் வரைந்த உருவப்படம் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்துச் சேகரிப்பில் இருக்கிறது. நாடெங்கும் பெண்களை வரைந்தவரை ஒரு பெண் வரைந்த படம். ‘ஸ்வரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்’ என்று ரவிவர்மா வரைந்த ஓவியம் 1875இல் வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகப் போனது. தலைப்பில் அந்தத் தமிழ்ப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அம்மாவின் துள்ளல் பாட்டை மட்டும் ரவிவர்மா பிற்பாடு அச்சிட்டு அவர் பெயரை நிலைக்க வைத்தார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போனோம். 2023இல் அங்கே ரவிவர்மாவுக்கெனத் தனிக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். பையன் மனிதர்களை விட்டுவிட்டுப் பின்னணிகளையே பார்த்துக்கொண்டு வந்தான். வரும் வழியில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு, “தம்பி பேரும் போட்டிருக்கலாம்” என்றான். தம்பி என்பதால் தம்பி கட்சி. அக்கா கட்சிக்கு அது போதுமானதாக இருந்தது. படத்தின் கீழே இரண்டு பெயர் ஏறியது.

அதற்குப் பிறகுதான் பெரிய வழக்கு. கதைக்கு யார் பெயர்? ஆச்சி கையை விரித்துவிட்டார். “நாஞ் சொன்னேன், நீ எழுதுன. எழுதுனவ பேரத்தான போடணும்? எம்பேரு எதுக்குளா பத்திரிகையில.” நான் வை.மு. கோதைநாயகியைச் சொன்னேன். 1920களில் அவருடைய முதல் நாடகமான ‘இந்திரமோகனா’ அவர் கையால் எழுதியது இல்லை. அப்போது அவருக்கு எழுதிப் பழக்கம் போதாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு எழுதக் கற்று, 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி, நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார். சொன்னவர் பெயர் ஆசிரியராக நின்றது, எழுதியவர் பெயரும் மறக்காமல் சொல்லப்பட்டு நம் வரை வந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் இங்கே ஆசிரியர் ஆச்சிதான். வங்காளத்தில் தாகூர் வீட்டிலும் 1885இல் வீட்டுப் பிள்ளைகளை எழுதவைக்க ‘பாலக்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். இது கையெழுத்து இல்லை, அச்சுதான். நடத்தியவர் அந்த வீட்டு மருமகள் ஞானதானந்தினி தேவி. ரவீந்திரநாத் அதில் மைத்துனனாக எழுதிக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் அது வேறொரு பத்திரிகையோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஆசிரியர் என்ற இடத்தில் மருமகளின் பெயர் இருந்ததால், அந்த ஒரு வருஷம் இன்று அவர் கணக்கில் நிற்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு என்பதை மறைக்கவில்லை. நானும் ஒரு வீட்டின் மருமகள்தான்.

ஆச்சி இதற்கெல்லாம் மசிகிறவர் இல்லை. மசிய வைத்தது வேறு. சரி, பெயர் எழுதலாம் என்று பேனாவை எடுத்த மூத்தவள் அப்படியே நின்றாள். அவளுக்கு ஆச்சியின் பெயர் தெரியாது. பிறந்ததிலிருந்து ஆச்சி, அப்பாவுக்கு அம்மா, எனக்கு அத்தை, கடைக்கு வருகிறவர்களுக்கு அம்மச்சி. அலமாரியிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து வந்து மலையாளத்தில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டினாள். ஆச்சிக்குச் சுருக்கென்றது. அது சரியில்லை, கார்டு எழுதினவன் தப்பா எழுதினான், முப்பது வருஷமா அப்படியே கிடக்கு என்றார். நோட்டை வாங்கி, கதையின் தலைப்புக்குக் கீழே, பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயரைத் தமிழில் தானே எழுதினார். நிதானமாக, புள்ளி வைத்து. பக்கத்தில் ‘எழுதியது’ என்று போட்டுப் பேத்தியின் பெயர்.

அன்றிலிருந்து எல்லாப் பக்கத்துக்கும் அதுவே சட்டமானது. சினிமாவில் டைட்டில் போடுவதுபோல: சொன்னவர், எழுதியவர், வரைந்தவர், கோடு போடச் சொல்லிக்கொடுத்தவர். சுமட்டுத் தொழிலாளியின் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அவர் அதைப் போனில் படம் பிடித்துப் போனார். என் கணவரும் கடைசியில் ஒரு பக்கம் தந்தார்: கடையில் வந்துபோன அரிசிகள். ஆந்திராவிலிருந்து வரும் ஜயாவை இந்த ஊர் ஏன் இவ்வளவு விரும்புகிறது, மட்டை அரிசியில் கலப்படத்தைக் கையில் தேய்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, புது அரிசி சோற்றில் ஏன் குழையும் என்று கணக்கெழுதுகிற அதே சாய்ந்த கையெழுத்தில். கையெழுத்துப் போட மட்டும் மாட்டேன் என்றார். வரிக்காரன் கண்ணில் படுமாம். பத்திரிகையை அவர்தான் தைத்தார். கோணி ஊசியில் சணலைக் கோத்து, மூட்டை வாய் தைக்கிற அதே தையல், முதுகில் ஐந்து குத்து. அதற்காக ‘தைத்தவர்’ என்று அவருக்குத் தெரியாமல் போட்டுவிட்டோம்.

வளர்ச்சி என்று முகாம் தட்டிகளில் எழுதியிருக்குமே, அது என்ன ஆயிற்று என்று கேட்டால், சொல்வதற்குப் பெரிதாக இல்லை. பையன் ஜூன் மாதமே பழையபடி போனுக்குள் போய்விட்டான். என் கணவர் அவர்தான், மாறவில்லை. மூத்தவள் தமிழ் வாசிக்கிறாள், மெதுவாக; நாகர்கோவிலுக்குப் போனால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்து மானத்தை வாங்குகிறாள். எங்கள் வீட்டில் அந்தக் கோடையில் அதிகம் வளர்ந்தவர் எழுபது தாண்டியவர்தான். ரேஷன் கார்டில் பெயரைத் திருத்த வேண்டும் என்று அட்சயா மையத்துக்குப் போனார், பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. விண்ணப்பம் கொடுத்து, திருத்திய கார்டும் வந்துவிட்டது.

‘கோணி’யை அச்சிடலாமே, ஸ்கேன் பண்ணி அனுப்பலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஒரே பிரதிதான், கடையில் கல்லாவுக்குக் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. மூட்டை இறக்க வருகிறவர்கள் டீ குடிக்கும்போது எடுத்துப் புரட்டுகிறார்கள், அதனால் அட்டையில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருக்கும். படிக்க விருப்பமுள்ளவர்கள் ஆரியசாலைப் பக்கம் வந்தால் கடை திறந்திருக்கும் நேரத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.